சுவரில் ஐவி ஏறிய வீட்டுக்குக் குடிபோகிறீர்களா?

இங்கிலாந்தில் வாடகைக்கு வீடு எடுக்கும்போது செய்ய வேண்டியதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வழக்கமான வாடகை வீட்டுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் கேட்கக் கூடாது. வாங்கிய 30 நாளுக்குள் அதை அங்கீகாரம் பெற்ற பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் சேர்த்து உங்களுக்குத் தகவல் தர வேண்டும். வீட்டில் என்னென்ன, எந்த நிலையில் இருக்கிறது என்று தரும் பட்டியலான இன்வென்டரியை வரி விடாமல் படியுங்கள், அறை அறையாகப் படம் எடுங்கள், மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். தோட்டக் குப்பைத் தொட்டிக்குப் பல கவுன்சில்களில் தனிக் கட்டணம். இதையெல்லாம் எனக்கும் பத்துப் பேர் சொன்னார்கள். பின்பக்கச் சுவரைப் பற்றித்தான் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

நாங்கள் முதலில் இருந்தது மேற்கு லண்டனில் ஹவுன்ஸ்லோ பக்கம், 1930களில் கட்டிய வீடு. பின்சுவர் முழுக்க ஐவி, சுவரைப் பற்றி ஏறும் பச்சைக் கொடி. வீடியோவில் அம்மாவுக்குத் தோட்டத்தைக் காட்டினேன். "என்னடா இது, பாழடைஞ்ச மண்டபம் மாதிரி இருக்கு? சுவத்துல செடி இருந்தா வீட்டுக்கு ஆகாதுடா. பிடுங்கிப் போடு."

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. ஊரில் மாடிக் கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று இரண்டு இலை விட்டாலே யாராவது பிடுங்கிவிடுவார்கள். விட்டால் வேர் இறங்கிச் சுவரைப் பிளக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் புத்தியோடுதான் மே மாதம் ஒரு சனிக்கிழமை ஏணியைச் சாத்தி, கையுறைகூடப் போடாமல், கொடியைப் பிடித்து இழுத்தேன்.

அந்தச் சுவருக்கு பெபிள்டேஷ் பூச்சு, அதாவது சிமெண்டின் மேல் பொடிக் கூழாங்கல்லை அப்பியது. கொடியோடு அதுவும் பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்தது. முறுக்கு உதிர்வது போலக் கல் உதிர்கிறது, நான் என்னடாவென்றால் 'நல்லா வருதே' என்று சந்தோஷமாக இழுத்துக்கொண்டிருக்கிறேன். பாதிச் சுவர் முடிந்தபோது பக்கத்து வீட்டுப் பாட்டி வேலிக்கு மேலே தலையை நீட்டி, கூடு இருக்கிறதா என்று பார்த்தாயா எனக் கேட்டார். பார்த்தால், கைக்கு எட்டும் தூரத்தில் பிளாக்பேர்ட் என்ற பறவை ஒன்று முட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது. பறவை குடியிருக்கும் கூட்டை வேண்டுமென்றே கலைப்பது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே குற்றம். மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை கொடி, புதர் எதிலும் கை வைப்பதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஏணியை எடுத்து உள்ளே வைத்தேன். அடுத்த ஒன்றிரண்டு நாளில் முழங்கை வரை தடித்துச் சிவந்து அரிப்பு. ஐவியின் சாற்றில் ஃபால்காரினால் என்று ஒரு பொருள் இருக்கிறது, சிலர் தோலுக்கு ஆகாது. கையுறையும் முழுக்கைச் சட்டையும் போடாமல் தொடாதீர்கள்.

வீட்டைக் காலி செய்தபோது டெபாசிட்டில் 620 பவுண்ட் பிடித்துக்கொண்டார்கள். பூச்சு முன்பே பொள்ளலாக இருந்தது என்று வாதாடினேன். ஆதாரம்? நான் எடுத்த படங்களில் பச்சை இலைதான் இருந்தது. கொடி ஏறிய சுவர் என்றால் நாலைந்து இடத்தில் இலையை விலக்கி, பின்னால் இருக்கும் விரிசலைப் படம் எடுங்கள். தோட்டத்தைப் பராமரிப்பது குடியிருப்பவர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருக்கும்தான். அது புல் வெட்டுவதற்கு. கொடியை எடுக்க வேண்டுமென்றால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

எனக்கு வெட்கமே வேறு விஷயத்தில். கும்பகோணம் பக்கத்தில் என் தாத்தாவுக்குக் கொடிக்கால் இருந்தது. அகத்தியைப் பற்றி வெற்றிலைக் கொடி கணுவுக்குக் கணு வேர் விட்டு ஏறும். அந்த வேர் பிடிமானத்துக்கு, சாப்பாடு தரையிலிருந்துதான். ஐவியும் அதே மாதிரிதான். சுவரில் ஒட்டியிருப்பது வெறும் பிடி. ஏற்கெனவே விரிசல் இருந்தாலோ, பழைய வீடுகளின் சுண்ணாம்புக் காரை உதிர்ந்திருந்தாலோதான் அது உள்ளே புகும். கொடிக்கால்காரன் பேரனுக்கு அடியில் அறுத்தால் மேலே காயும் என்பது தோன்றவில்லை பாருங்கள்.

செய்ய வேண்டியது அவ்வளவுதான். தரையை ஒட்டி ஒவ்வொரு தண்டையும் அறுத்து, ஒரு சாண் துண்டை எடுத்துவிடுங்கள். ஒன்றை விட்டாலும் அது மற்றதற்கும் சேர்த்து வளரும். பிறகு சில மாதம் சும்மா இருங்கள். இலை காய்ந்து, பிடி தளர்ந்ததும் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம். சுவரில் புழு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் வேர்த் தடத்தை முரட்டு பிரஷ் போட்டுத் தேய்க்கலாம், பெபிள்டேஷ் என்றால் அதையும் விட்டுவிடுங்கள். அடிக்கட்டையை மழை பெய்த மறுநாள் தோண்டுங்கள். களைக்கொல்லியை இலையில் தெளித்துக் காசை வீணாக்க வேண்டாம், மெழுகு பூசிய இலை, வழிந்து ஓடிவிடும். டொராண்டோவில் இருக்கும் சித்தி பையன் இதைக் கேட்டுவிட்டுப் பயந்தான். அங்கே காட்டோரத்தில் இருக்கும் பாய்சன் ஐவி வேறு செடி, மூன்று மூன்று இலையாக இருக்கும். அதைக் கிட்டவே போய்த் தொடக் கூடாது, எரித்தால் புகையும் ஆபத்து.

பக்கத்து வீட்டிலிருந்து உங்கள் பக்கம் தாண்டி வந்தால் எல்லைவரை வெட்டலாம், அதற்கு மேல் கத்திரி போகக் கூடாது. வெட்டியது அவர்களுடையது, அதற்காக வேலிக்கு மேலே வீசாதீர்கள், கேட்டுவிட்டுத் தொட்டியில் போடுங்கள்.

உறுதியான சுவர் என்றால் எடுக்கவே வேண்டியதில்லை. வெயிலும் குளிரும் சுவரைத் தாக்காமல் ஐவி காக்கிறது என்று ஆக்ஸ்போர்டில் ஆய்வே செய்திருக்கிறார்கள். கூரையோர மழைநீர்க் குழாய்க்கும் ஜன்னலுக்கும் ஓட்டுக்கும் போகாமல், பிப்ரவரியில் ஒரு தடவை கத்தரித்தால் போதும். இப்போது இருக்கும் வீட்டின் வேலியில் நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். செப்டம்பர், அக்டோபரில், தோட்டத்தில் மற்றதெல்லாம் ஓய்ந்த பிறகு இது பூக்கும். 2001இல்தான் இந்த நாட்டில் முதலில் கண்டதாகச் சொல்லும் ஐவித் தேனீ மொய்க்கும். போனைத் திருப்பி அம்மாவுக்குக் காட்டினால் ஒரே கேள்வி: "இன்னும் பிடுங்கலையா?"