கீரிப்பூச்சி இருக்கிறதா? டேப் ஒட்டிப் பார்ப்பது எப்படி

ராத்திரி படுத்ததும் பிள்ளை ஆசனவாயைச் சொறிந்துகொண்டே புரள்கிறது. மோஷன் டெஸ்ட் கொடுத்தால் ‘முட்டை இல்லை’ என்று ரிசல்ட் வருகிறது. வீட்டில் நிம்மதியாகிவிடுகிறார்கள், அரிப்பு மட்டும் நின்றபாடில்லை.

கீரிப்பூச்சியின் பெண் புழு குடலுக்குள் முட்டை இடுவதில்லை. பிள்ளை தூங்கியபின் ஆசனவாய்க்கு வெளியே வந்து, சுற்றியுள்ள தோல் மடிப்பில் ஆயிரக்கணக்கில் இட்டுவிடும். அதனால் மலத்தில் இந்த முட்டை அகப்படுவது அபூர்வம். தேட வேண்டிய இடம் தோல். அதற்குக் கருவி சாதாரண செல்லோ டேப்.

தேவையானவை

கண்ணாடி போலத் தெளிவான, 2 செ.மீ.க்கு மேல் அகலமில்லாத டேப். வெள்ளை மங்கலாக இருக்கும் டேப் வேண்டாம், அதன் வழியே மைக்ராஸ்கோப்பில் முட்டை தெரியாது. லேபில் கேட்டு வாங்கிய மூன்று ஸ்லைடுகள் (மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும் கண்ணாடித் தகடுகள்), ஒரு ஸ்பூன், கையுறை.

டேப் எடுக்கும் முறை

1. முதல் நாள் இரவு பவுடர், தேங்காய் எண்ணெய், களிம்பு எதுவும் அந்த இடத்தில் போடாதீர்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் டேப் ஒட்டாது.

2. காலையில் பிள்ளை எழுந்த உடனே, கக்கூஸ் போவதற்கு முன், கால் கழுவுவதற்கு முன் எடுக்க வேண்டும். பெரும்பாலும் தவறுவது இங்கேதான். ஒருமுறை கழுவினாலே முட்டைகள் போய்விடும்.

3. 7 செ.மீ. டேப்பை, பசைப் பக்கம் வெளியே இருக்கும்படி ஸ்பூன் காம்பின் நுனியில் மடித்துப் பிடியுங்கள்.

4. புட்டத்தை விரித்து, ஆசனவாயைச் சுற்றியுள்ள சுருக்கங்களில் வலம், இடம் என நாலைந்து முறை அழுத்தி எடுங்கள். உள்ளே நுழைக்கக் கூடாது, தேய்க்கவும் வேண்டாம்.

5. பசைப் பக்கம் ஸ்லைடில் படும்படி ஒட்டி, காற்றுக் குமிழி இல்லாமல் பஞ்சால் நீவிவிடுங்கள். குமிழியின் விளிம்பு முட்டையை மறைக்கும். பெயர், தேதி எழுதி கவரில் போடுங்கள்.

6. உடனே கையைச் சோப்புப் போட்டு நகக்கண் வரை கழுவுங்கள். இட்ட முட்டை 4 முதல் 6 மணி நேரத்தில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும்.

இப்படி மூன்று நாள் தொடர்ந்து எடுங்கள். ஒரு நாள் டேப்பில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் தெரியும்; மூன்று நாள் சேர்த்தால் பத்தில் ஒன்பது பேருக்குத் தெரிந்துவிடும். லேபில் பார்க்கும்போது முட்டை 50 முதல் 60 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) நீளத்தில், ஒரு பக்கம் தட்டையாக, மறுபக்கம் புடைத்து இருக்கும்.

தூங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தால், சுமார் 1 செ.மீ. நீளத்தில் வெள்ளை நூல் போல நெளியும் புழுவே சில சமயம் கண்ணில் படும். கண்ணால் பார்த்துவிட்டால் டேப் தேவையில்லை.

பல்லை நறநறவென்று கடிப்பது, கன்னத்தில் வெள்ளைத் திட்டு, இனிப்பு மேல் ஆசை இவற்றை மட்டும் வைத்து ‘பூச்சி’ என்று முடிவு கட்டாதீர்கள். இனிப்பால் பூச்சி வராது. நகக்கண்ணில் இருக்கும் முட்டை வாய்க்குள் போவதால் வருகிறது.

மருந்து

டாக்டர் வழக்கமாக எழுதுவது அல்பெண்டசோல். இரண்டு வயதுக்கு மேல் 400 மி.கி. ஒரே வேளை. ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் அளவு பாதி, அதுவும் டாக்டர் சொன்ன பிறகே. 5 மி.லி.க்கு 200 மி.கி. என்று எழுதியுள்ள சிரப் என்றால் 10 மி.லி. தான் முழு அளவு. சின்னப் பிள்ளைக்கு மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். அழும் பிள்ளையின் மூக்கைப் பிடித்து ஊற்றவே கூடாது, புரையேறிவிடும்.

14 நாள் கழித்து அதே அளவு இன்னொரு வேளை கட்டாயம். மருந்து புழுவைக் கொல்லும், முட்டைகள் தப்பிவிடும். அவை பொரித்து வளர்ந்து மறுபடி முட்டையிடும் முன் இரண்டாவது வேளை போய்ச் சேர வேண்டும். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 குடற்புழு நீக்க நாட்களில் பள்ளியில் தரும் மாத்திரை ஒரே வேளைதான். அதைப் போட்டாயிற்று என்று இதை விட்டுவிடாதீர்கள்.

வீட்டில் அனைவரும் அதே நாளில் மாத்திரை போட வேண்டும், அரிப்பு இல்லாதவர்களும்தான். கர்ப்பிணிகள், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், வலிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

வீட்டில்

முட்டை துணியிலும் தரையிலும் இரண்டு வாரம் வரை உயிரோடு கிடக்கும். ஆகவே இரண்டு வேளைக்கும் இடைப்பட்ட நாட்களில் காலையில் எழுந்ததும் குளியல், ஜட்டி மாற்றம். பெட்ஷீட்டை உதறாமல் சுருட்டி எடுத்து, சுடுதண்ணீரில் நனைத்து, நல்ல வெயிலில் காயப் போடுங்கள். பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது மேல். நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

இரண்டாவது வேளைக்குப் பிறகு சில வாரங்களில் அரிப்பு திரும்பினால் மருந்து சரியில்லை என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலும் அது புதுத் தொற்று. டேப்பை மறுபடி எடுங்கள். வீட்டில் யார் மாத்திரை போடாமல் விட்டார்கள் என்றும் விசாரியுங்கள். மலத்தில் ரத்தம், மண்புழு போல நீளமான புழு, அரிசி மணி போன்ற துண்டுகள் வந்தால் அது வேறு புழு அல்லது வேறு நோய். அதற்கு டேப் உதவாது, மோஷன் டெஸ்ட்தான் தேவை.