லாரி வராத செம்மண் ரோடு: சுங்கை சிப்புட்டில் கிராவல் சைக்கிள் ஓட்டத் தொடங்குவது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊரில் புதிதாகச் சைக்கிள் வாங்குபவர்கள் பலரும் முதல் வாரமே ஈப்போ – கோலகங்சார் பெரிய ரோட்டில் ஏறிவிடுகிறார்கள். என் நண்பர் ஒருவரும் அப்படித்தான் ஆரம்பித்தார். ஒருநாள் லாரி ஒன்று அவர் முழங்கையை உரசாத குறையாகக் கடந்து போனது. அடுத்த மாதமே சைக்கிளை விற்றுவிட்டார். இன்றும் எனக்கு அது வருத்தம்தான். அவர் குடியிருக்கும் தாமானின் பின்வேலியைத் தாண்டினால், கார் நுழையாத செம்மண் ரோடு செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டுக்குள் போகிறது.

கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர், ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புக் குன்றுகள், இடையில் மைல் கணக்கில் தோட்டம், கோலகங்சாரைத் தாண்டினால் செண்டரோ ஏரி. கல்லும் மண்ணுமான பாதையில் ஓட்டும் கிராவல் சைக்கிளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பாதைகள் ஏற்கெனவே இருக்கின்றன. எப்போது, யாரைக் கேட்டு அவற்றில் இறங்குவது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: சைக்கிளும் டயரும்

கிராவல் சைக்கிள் பார்க்க ரேஸ் சைக்கிள் போலவே வளைந்த ஹேண்டிலோடு இருக்கும். டயர் மட்டும் அகலம், 40 மில்லிமீட்டர் அளவில். உங்களிடம் பழைய மவுண்டன் பைக் இருந்தால் அதுவே போதும், புதிதாக வாங்க வேண்டாம். பிரேக் நன்றாகப் பிடிக்க வேண்டும், ஏற்றத்துக்கு லேசான கியர் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

காற்றை இறுக்கி அடைக்காதீர்கள். 70 கிலோ எடை உள்ளவருக்கு, 40 மில்லிமீட்டர் டயரில் டியூப் இருந்தால் 40 பிஎஸ்ஐ போதும். டியூப்லெஸ் என்றால் 35 வரை குறைக்கலாம். இறுகிய டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும். கொஞ்சம் தளர்ந்த டயர் கல்லின் மேல் படிந்து போகும்.

செம்பனை மட்டையின் அடிப்பகுதியில் முள் இருக்கும். வெட்டிப்போட்ட மட்டை ரோட்டில் கிடந்தால் அதன் மேல் ஏற்றாதீர்கள், சுற்றிப் போங்கள். கூடவே ஒரு டியூப், சின்ன பம்ப், முள்ளைப் பிடுங்க ஒரு இடுக்கி வைத்துக்கொள்ளுங்கள். முள்ளை எடுக்காமல் புது டியூபைப் போட்டால் அதுவும் நூறு மீட்டரில் போய்விடும்.

படி 2: கேட்டுவிட்டுப் போங்கள்

இதை யாரும் தாண்டிப் போகக் கூடாது. தோட்டம் தனியார் நிலம். பழத் திருட்டு நடப்பதால் ஜாகாவுக்கு (காவலாளிக்கு) அறிமுகமில்லாத ஆளைக் கண்டாலே சந்தேகம் வரும், அது நியாயம்தான். வேலை நாளில் தோட்ட ஆபீசுக்குப் போய் கிராணியை (எழுத்தரை) பாருங்கள். எந்த நாள், எத்தனை பேர், எந்த வாசல் வழியாக என்று சொல்லி, பெயரையும் போன் எண்ணையும் எழுதிக் கொடுங்கள். சில தோட்டங்களில் முடியாது என்பார்கள். சரி என்று அடுத்த தோட்டத்துக்குப் போங்கள்.

அனுமதி கிடைத்ததும் வேலையை மேற்பார்க்கும் மண்டோரைத் தேடிப் போங்கள். வாகனம் இல்லாத பாதை எது என்று மேப்பில் தெரியாது, அவருக்குத் தெரியும். நான் முதல் தடவை கேட்டபோது அவர் சொன்னது இதுதான்: "தம்பி, அந்த மேட்டுப் பிளாக்குல நேத்துதான் பழம் வெட்டி முடிச்சோம். இன்னும் பத்து நாளைக்கு அங்க லாரிக்கு வேலை இல்ல."

இந்த ஒரு பதிலில் எல்லாம் இருக்கிறது. செம்பனையில் பொதுவாக 10 முதல் 15 நாளுக்கு ஒருமுறை ஒரே பிளாக்கில் அறுவடை நடக்கும். வெட்டிய குலை ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயின் தரம் கெடும். அதனால் வெட்டும் நாளில் லாரியும் டிராக்டரும் ஓடிக்கொண்டே இருக்கும். வெட்டி முடிந்த மறுநாளிலிருந்து அந்தப் பிளாக் அமைதியாகிவிடும். ஆகவே எங்கே ஓட்டலாம் என்று மட்டும் கேட்காதீர்கள். "நேத்து எங்க வெட்டுனீங்க அண்ணே?" என்று கேளுங்கள். மருந்து அடிக்கும் பிளாக் எது என்பதையும் கேட்டு, அதை விட்டு விலகிப் போங்கள்.

படி 3: வட்டம் போடுதல்

போனில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்தால் தோட்டத்துக்குள் இரண்டு வகைக் கோடுகள் தெரியும். அகலமாக, வெளிறிய நிறத்தில் போவது லாரி ரோடு. அதில் கல் கொட்டி இறுக்கியிருப்பார்கள், பெரும்பாலும் சுற்றி வந்து இன்னொரு ரோட்டில் சேரும். மேட்டில் படிப்படியாக வளைந்து போகும் மெல்லிய கோடுகள் பழம் வெட்டுபவர்கள் நடக்கும் பாதைகள். அவை பல இடங்களில் முட்டி நின்றுவிடும். புதியவர்கள் லாரி ரோட்டை விட்டு இறங்க வேண்டாம்.

முதல் வட்டம் 12 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். தார் ரோட்டில் 12 கிலோமீட்டர் ஒன்றுமே இல்லை, செம்மண் மேட்டில் அது ஒன்றரை மணி நேரம்.

முச்சந்திகளில் பிளாக் எண் எழுதிய சிறு பலகையோ கல்லோ இருக்கும். தாண்டும்போதெல்லாம் படித்துக்கொண்டே போங்கள். விழுந்து 999-க்கு அழைக்க வேண்டி வந்தால், "செம்பனை மரத்துக்குப் பக்கத்தில்" என்று சொல்லி யாருக்கும் புரியாது.

மலை அடிவாரத்துப் பிளாக்குகளில் யானை வருவதுண்டு. குருத்து பிடுங்கிய இளங்கன்றோ புதிய சாணமோ கண்ணில் பட்டால் உடனே திரும்பிவிடுங்கள். பக்கத்து ஊரான லாசா பக்கம் மலைக்குள் ஏறும் மரவெட்டுப் பாதைகளையும் தொடக்கத்தில் விட்டுவிடுங்கள். படத்தில் ஆளில்லாத பாதை போலத் தெரியும். வளைவில் மரம் ஏற்றிய லாரி எதிரே வரும்.

படி 4: நேரமும் மழையும்

1982 ஜனவரி 1இல் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதிலிருந்து இங்கே ஏழு மணி ஆனால்தான் விடிகிறது. ஞாயிற்றுக்கிழமை ஏழேகால் நல்ல நேரம். அன்று பெரும்பாலும் பெரட்டு (வேலைக்கு ஆள் கூடும் காலை அணிவகுப்பு) இருக்காது, லாரியும் குறைவு. பசியாறிவிட்டுக் கிளம்பி, பதினொன்றுக்குள் வெளியே வந்துவிடுங்கள். பிற்பகலில் இடியோடு மழை வரும்.

முந்தின இரவு மழை பெய்திருந்தால், வாசலிலேயே செருப்புக் குதிகாலை மண்ணில் அழுத்தித் திருப்பிப் பாருங்கள். தடம் சுத்தமாகப் பதிந்தால் போகலாம். மண் குதிகாலோடு அப்பிக்கொண்டு வந்தால் வீட்டுக்குத் திரும்புங்கள். அந்த மண் டயரிலும் பிரேக்கிலும் களியாக அடைத்துக்கொள்ளும், சக்கரம் சுற்றாது. ஏப்ரல் – மே, அக்டோபர் – நவம்பர் மாதங்களில் இப்படி நிறைய நாள் வரும்.

படி 5: ஏற்றமும் இறக்கமும்

ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்காதீர்கள், பின்சக்கரம் வழுக்கும். சீட்டிலேயே உட்கார்ந்து லேசான கியரில் ஒரே சீராக மிதியுங்கள்.

இறக்கம்தான் ஆளை விழவைக்கும். லாரிச் சக்கரம் போன தடம் இரண்டும் இறுகியிருக்கும். நடுவிலும் ஓரத்திலும் உதிரிக் கல் கோலிக்குண்டு போல உருளும். ஏதாவது ஒரு தடத்தைப் பிடித்து அதிலேயே இறங்குங்கள். பிட்டத்தைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளி, முழங்கையைத் தளர்த்தி, இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள். வேகத்தை வளைவுக்கு முன்னால், நேர் ரோட்டிலேயே குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் போனபின் முன்பிரேக்கை இறுக்கினால் அந்த இடத்திலேயே விழுவீர்கள். ஒரே சிறு மேட்டில் ஐந்து தடவை ஏறி இறங்கினாலே இது கைக்கு வந்துவிடும்.

தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்துப் பக்கம் நாய் துரத்தினால் இறங்கி, உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் சைக்கிளை வைத்து நடங்கள். ஓடாதவரை அதுவும் கொஞ்ச தூரத்தில் நின்றுவிடும். இன்னொன்று: தேங்கிய தண்ணீரில் எலிச் சிறுநீர் கலந்திருக்கலாம், அதிலிருந்து கடும் காய்ச்சல் வரும். சேறு தெறித்த பாட்டில் வாயில் அப்படியே குடிக்காதீர்கள். மூடியுள்ள பாட்டிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 6: ஏரிக்கு

நான்கைந்து தடவை தோட்டத்தில் ஓட்டியபின் சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு செண்டரோ பக்கம் போங்கள். வழியில் கோலகங்சாரில், 1877இல் நட்ட ரப்பர் கன்றுகளில் மிஞ்சி நிற்கும் மரத்தைப் பார்க்கலாம். நம் தாத்தா பாட்டிகளைக் கப்பல் ஏற்றிக் கொண்டுவந்த மரத்தின் வம்சம் அது. நான் போகும்போதெல்லாம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போவேன்.

1930இல் கட்டி முடித்த அணைதான் பேராக் ஆற்றைத் தடுத்து இந்த ஏரியை உண்டாக்கியது. லெங்கோங் போகும் பெரிய ரோட்டில் வாகனம் அதிகம், அதில் ஓட்ட வேண்டாம். காரைக் கம்பத்தில் (கிராமத்தில்) விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டு ரப்பர் பால்மரத் தோப்புக்குள் போகும் பாதைகளைப் பிடியுங்கள். காலையில் பால் வெட்டுபவர்கள் மோட்டாரில் வருவார்கள். ஒதுங்கி வழிவிட்டு, ஒரு வணக்கம் சொல்லுங்கள். ஏரியின் விளிம்புவரை இறங்காதீர்கள். நீர்மட்டம் மாறும், காய்ந்தது போலத் தெரியும் சேற்றில் சக்கரம் புதையும். மேட்டிலிருந்து பார்த்தாலே பனிமூட்டம் மெல்லத் தூக்கிக்கொண்டு, மீன் பிடிக்கும் படகுகள் ஒவ்வொன்றாகத் தெரியும்.

வீடு திரும்பியதும் மண் காய்வதற்குள் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், செயினைத் துடைத்து எண்ணெய் போடுங்கள். அப்புறம், தோட்டத்தில் ஓட்டும் நாளில் வெளியேறும்போது ஜாகாவிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அவர் நோட்டில் உங்கள் பெயர் இருக்கும். அதை அவர் கோடு போட்டு அடிக்கும் வரை நீங்கள் இன்னும் உள்ளே இருப்பதாகத்தான் கணக்கு. இருட்டிய பின் டார்ச்சை எடுத்துக்கொண்டு தேடப் போகிறவரும் அவர்தான்.