12 வோல்ட்தானே என்று டிரெய்லரில் கை வைக்கும் முன்

டிராவல் டிரெய்லரில், அதாவது காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் நடமாடும் வீட்டில், இரவு ஒருவர் படிக்க வேண்டுமென்றால் கூரை விளக்கைப் போட வேண்டும். பக்கத்தில் படுத்திருப்பவர் தூங்க முடியாது. அதனால்தான் கட்டில் தலைமாட்டில் ஒரு சின்ன எல்இடி விளக்கு மாட்டலாம் என்று எல்லோருக்கும் தோன்றுகிறது. ஒரு மணி நேர வேலை. தொட்டால் ஷாக் அடிக்காத 12 வோல்ட் என்பதால் அலட்சியமும் கூடவே வந்துவிடும். ஷாக் அடிக்காது, சரி. ஆனால் ஷார்ட் ஆனால் அந்த பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும், ஒயர் பழுத்துவிடும்.

அதிகம் பேர் இடறுவது ஒயரின் நிறத்தில். கார் வேலை பழகிய கைக்குச் சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ். அமெரிக்க டிரெய்லர்களின் 12 வோல்ட் லைனில் பெரும்பாலும் வெள்ளைதான் மைனஸ். பல வண்டிகளில் கறுப்பு பிளஸ். நானும் கார் பழக்கத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டு, விளக்கு எரியவில்லை என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பழைய குண்டு பல்புக்கு எப்படிக் கொடுத்தாலும் ஒன்றுதான்; எல்இடிக்கு அப்படியில்லை. இதைவிடப் பெரிய ஆபத்து, அதே சுவருக்குள் வீட்டு மின்சாரம் போன்ற 120 வோல்ட் ஏசி லைனும் கறுப்பும் வெள்ளையுமாகவே ஓடுவது. அது பொதுவாகத் தடித்த ஒரே உறைக்குள் ஒற்றைக் கம்பிகளாக வரும். 12 வோல்ட் ஒயர் பல இழைகளாக, தனித்தனியாக இருக்கும். கண்ணை மட்டும் நம்பாமல், வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை முதலில் ஏசியில் வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் பேட்டரி மின்சாரத்துக்கான டிசியில் பாருங்கள்.

பார்த்து முடித்ததும் கரன்ட்டை நிறுத்த வேண்டும். பேட்டரியைக் கழற்றினால் போதும் என்பது இன்னொரு தப்புக்கணக்கு. வண்டியை நிறுத்தித் தங்கும் கேம்ப் கிரவுண்டின் மின்சாரக் கேபிள் செருகியிருந்தால், 120 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வெர்ட்டர் தன் பாட்டுக்கு 12 வோல்ட்டை அனுப்பிக்கொண்டிருக்கும். கேபிளைப் பிடுங்குங்கள், பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள், கூரையில் சோலார் இருந்தால் அதையும் துண்டியுங்கள்.

எங்கிருந்து எடுப்பது? பக்கத்து விளக்கின் ஒயரிலிருந்துதான் எடுப்போம். அது சுவர் சுவிட்சைத் தாண்டி வந்த ஒயராக இருந்தால், கூரை விளக்கு எரியும்போதுதான் உங்கள் விளக்கும் எரியும். எந்தத் தொல்லைக்காக வேலையை ஆரம்பித்தோமோ அது அப்படியே இருக்கும். சுவிட்சுக்கு முன்னால் எடுங்கள். கேஸ் கசிவைக் காட்டும் டிடெக்டரின் ஒயரை மட்டும் தொடாதீர்கள்.

3 வாட் விளக்கு இழுப்பது கால் ஆம்பியர். ஆகவே விளக்கோடு வந்த மெல்லிய ஒயரே போதும் என்று தோன்றும். ஆனால் அந்த லைனுக்கு ஃபியூஸ் பெட்டியில் இருப்பது பெரும்பாலும் 15 ஆம்பியர். மெல்லிய ஒயர் எங்காவது உரசிப் பாதி ஷார்ட் ஆனால், ஃபியூஸ் போகும் முன்பே ஒயர் சூடாகி, சுவருக்குள் இருக்கும் ஃபோமையும் மரத்தையும் சுடும். கிளை எடுக்கிற இடத்திலேயே ஒயரோடு சேரும் சின்ன ஃபியூஸ், 1 அல்லது 2 ஆம்பியரில், போட்டுவிடுங்கள். விலை காபிக் காசுகூட ஆகாது. முறுக்கி டேப் சுற்றுவதும் வேண்டாம். சாலையில் ஓடும் வண்டி நாள் முழுக்கக் குலுங்கும். கிரிம்ப் செய்த, அதாவது உலோகக் குழலில் ஒயரை வைத்து நசுக்கிய, இணைப்புதான் நிற்கும்.

விளக்கு வாங்கும்போது பெட்டியில் 10 முதல் 30 வோல்ட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். கன்வெர்ட்டர் சாதாரணமாக 13.6 வோல்ட் தரும். பேட்டரியை வேகமாக ஏற்றும்போது 14.4 வரை போகும். சரியாக 12 வோல்ட்டுக்கென்றே செய்த மலிவு எல்இடி பட்டைகள் இதில் சீக்கிரம் கருகும். தோட்டத்துக்கு விற்கும் லோ வோல்டேஜ் விளக்குகளில் பல 12 வோல்ட் ஏசிக்கானவை, அவையும் வேண்டாம்.

கடைசியில் ஸ்க்ரூ. உள்சுவர் 3 மில்லிமீட்டர் அளவுள்ள ப்ளைவுட். மொத்தச் சுவரே பல வண்டிகளில் 2 அங்குலத்துக்குள். நீளமான ஸ்க்ரூ பின்னால் ஓடும் ஒயரைக் குத்தலாம், வெளித்தகட்டையும் துளைக்கலாம், அப்புறம் மழைத்தண்ணீர் உள்ளே. சின்ன ஸ்க்ரூவாக எடுத்து, சட்டம் இருக்கும் இடத்தைத் தட்டிப் பார்த்து மாட்டுங்கள். துளை போடும் முன் விளக்கை டேப்பால் ஒட்டி, படுத்து, புத்தகத்தைக் கையில் பிடித்துப் பாருங்கள். ஸ்லைட்-அவுட், அதாவது நிறுத்தியதும் வெளியே நீளும் அறைப்பகுதி, உள்ள வண்டியாக இருந்தால் அதை ஒருமுறை உள்ளே இழுத்தும் பாருங்கள், விளக்கின் தலையில் இடிக்கிறதா என்று.