கஷாயம் வைக்கும் முன் பார்க்க வேண்டியவை

மூலனூர், தாராபுரம் பக்கத்துக் காடுகளில் கம்பிப் பந்தலில் படர்ந்திருக்கும் கண்வலிக்கிழங்குக் கொடியை அறியாதவர் கொங்கு நாட்டில் குறைவு. மாநில மலரான செங்காந்தள் பூப்பது இக்கொடியில்தான். இதன் விதையிலிருந்து பிரித்தெடுக்கும் கால்ச்சிசின், கவுட் என்னும் மூட்டு வீக்கத்துக்கு 0.5 மில்லிகிராம் மாத்திரையாகக் கொடுக்கப்படுகிறது. மாத்திரையில் அந்த அளவு நிறுத்து வைக்கப்பட்டது. கிழங்கிலோ அது கிழங்குக்குக் கிழங்கு மாறும். எனவே மூட்டுவலிக்கென்று யார் சொன்னாலும் இதை வீட்டில் அரைத்து உண்ணக் கூடாது.

முதலில் செடியை அடையாளம் காணுங்கள். தோண்டியெடுத்த கிழங்கு இரு கொம்பாக வளைந்திருக்கும். கலப்பைக் கிழங்கு என்ற பெயரே அதனால் வந்தது. ஆனால் நறுக்கிய துண்டு சர்க்கரைவள்ளி போலவே தோன்றும் என்பதால், முழுதாகப் பார்க்காத கிழங்கை அடுப்பில் ஏற்றாதீர்கள். வேகவைத்தாலும் கால்ச்சிசின் அழிவதில்லை.

உண்ட சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் தொடங்கும். அவை சற்றே தணிந்ததும் வீட்டார் நிம்மதியடைவதுதான் ஆபத்து; உயிரணுக்கள் பிரிவதைத் தடுக்கும் இந்நஞ்சு, ஓரிரு நாளில் எலும்பு மஜ்ஜையையும் சிறுநீரகத்தையும் தாக்கத் தொடங்கிவிடும்.

ஆடுதீண்டாப்பாளை வேறு வகை. கரிசல் வரப்பில் தரையோடு படரும் இச்செடியின் பெயரிலேயே எச்சரிக்கை இருந்தும், தோல் நோய்க்கும் பூச்சிக்கடிக்கும் இதைக் குடிப்பவர்கள் உண்டு. இதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைச் சுருங்கச் செய்வதோடு, சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். குடித்த அன்று ஒன்றும் தெரியாது. ஆண்டுகள் கழித்தே தெரியும். இதனால்தான் “எங்கள் அப்பிச்சி குடித்தார், நன்றாகத்தான் இருந்தார்” என்ற சாட்சியத்தை நான் ஏற்பதில்லை.

சித்த மருத்துவத்தில் சேராங்கொட்டை, எட்டி போன்றவற்றுக்குச் சுத்தி முறைகள், அதாவது நச்சைக் குறைக்கும் சுத்திகரிப்பு முறைகள், வகுக்கப்பட்டுள்ளன. அவை பதிவு பெற்ற மருத்துவரின் பொறுப்பு, வீட்டு அம்மிக்குரியவை அல்ல. எந்த மூலிகை மருந்தையும் தொடங்குமுன், சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ உண்ணும் மாத்திரைகளின் சீட்டை அவரிடம் காட்டுங்கள். கருவுற்றிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

தவறி உண்டுவிட்டால், உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க முயலாமல் 108-ஐ அழையுங்கள். மிஞ்சிய கிழங்கையோ இலையையோ ஒரு பையில் போட்டு, உண்ட நேரத்தை அதன்மேல் எழுதி, மருத்துவமனைக்குக் கையோடு கொண்டுசெல்லுங்கள்.