மதுரையிலிருந்து லடாக் வரை: ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு டயர் தேர்ந்தெடுப்பது எப்படி?

இமாச்சலப் பிரதேசத்தில் ஸ்பிதிப் பக்கம் பாத்தலைத் தாண்டி கிராம்ஃபூ போகும் வழியில், ஓடைத் தண்ணீருக்கு அடியில் கிடந்த ஒரு கல் என் வண்டியின் பின் டயரைக் கிழித்தது. தரையில் படும் பக்கத்தில் கிழித்திருந்தால் ஒட்டியிருக்கலாம். கிழிந்தது பக்கவாட்டில், கடைக்காரர்கள் சைடுவால் என்று சொல்லும் இடத்தில். சுண்டுவிரல் நீளத்துக்கு வாய் பிளந்து, உள்ளே இருந்த நூல் தெரிந்தது. கையில் பஞ்சர் கிட் இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. சைடுவால் கிழிந்தால் அந்த டயரின் கதை அங்கேயே முடிந்தது. சரி, ஸ்டெப்னியை மாட்டலாம் என்று கழற்றினால், ஐந்து வருடம் வெயிலில் பின்கதவில் தொங்கியே அது வெடிப்பு விட்டிருந்தது. கிளம்புவதற்கு முன் ஒரு கடையில் காட்டினேன், "இது ஓடவே இல்லையே, புதுசு சார்" என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஸ்டெப்னியோடு நடைவேகத்தில் உருட்டி கேலாங் வந்து சேர்வதற்குள் இருட்டிவிட்டது.

அடுத்த பயணத்துக்கு முன்னால் டயரைப் பற்றி உட்கார்ந்து படித்தேன், கடை கடையாக ஏறி இறங்கிக் கேட்டேன். முதல்முறை இப்படி ஒரு நீண்ட பயணம் கிளம்புகிறவர்களுக்காக, நான் செய்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

படி 1: கடைக்குப் போகும் முன் கிலோமீட்டரை எண்ணுங்கள்

ஒரு தாளை எடுத்துப் பயணத்தை ரோட்டின் வகைப்படி பிரித்து எழுதுங்கள். ஊர் வாரியாக எழுத வேண்டாம். மதுரையில் ஏறினால் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை பெங்களூர், ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி வழியாக டெல்லியைத் தாண்டி அம்பாலா வரை கொண்டுபோய் விட்டுவிடும். அங்கிருந்து சிம்லா, கின்னோர், காசா, குன்சும் கணவாய், கிராம்ஃபூ, கேலாங், சார்ச்சு, பாங், லே. திரும்பி வருவதையும், லேயில் சுற்றுவதையும் சேர்த்தால் 8,000 கி.மீ.யை ஒட்டி வருகிறது.

இதில் டயருக்கு உண்மையிலேயே கஷ்டம் எங்கே? லோசரிலிருந்து குன்சும் ஏறி இறங்கி கிராம்ஃபூ வரும் சுமார் 80 கி.மீ. கல்லும் ஓடையும். பாரலாச்சா முதல் தங்லங் கணவாய் வரை ரோடு உடைந்து கிடக்கும் இடங்கள். பாங்காங் ஏரி, நுப்ரா பக்கம் சில துண்டுகள். எவ்வளவு தாராளமாகக் கூட்டினாலும் 700 கி.மீ.யைத் தாண்டவில்லை. மீதி முழுக்கத் தார் ரோடும் சிமெண்ட் ரோடும்தான்.

இன்னொன்றையும் அதே தாளில் எழுதுங்கள்: எந்த மாதம்? மணாலி–லே பாதை பொதுவாக மே கடைசி, ஜூனில் திறந்து அக்டோபர் வாக்கில் மூடும். அதாவது லடாக் போகும் காலமும் தென்மேற்குப் பருவமழைக் காலமும் ஒன்று. தெலங்கானாவிலும் மத்தியப் பிரதேசத்திலும் கொட்டுகிற மழையில், லாரிகளுக்கு நடுவே, மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் போக வேண்டியிருக்கும். எனக்கு மலையைவிட இதுதான் பயம். ஈரத் தார் ரோட்டில் பிரேக் பிடிக்காத டயர் மலையில் எவ்வளவு கெட்டியாக நின்றாலும் எனக்கு வேண்டாம்.

படி 2: எச்டி, ஏடி, எம்டி – எது?

ஹைவே டெரெய்ன் என்கிற எச்டி டயர் தார் ரோட்டுக்கானது. சத்தம் இருக்காது, மழையில் நன்றாகப் பிடிக்கும், டீசலும் குறைவாகக் குடிக்கும். ஆனால் சைடுவால் மெலிசு, கூர்க் கல்லுக்குத் தாங்காது.

மட் டெரெய்ன் என்கிற எம்டி பெரிய பெரிய பட்டன் வைத்தது. பார்க்கவே கம்பீரமாக இருக்கும். சேற்றில் அதை அடிக்க ஆள் இல்லை. ஆனால் பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவில் இடைவெளி அதிகம் என்பதால் தார் ரோட்டில் படும் ரப்பர் குறைவு. நனைந்த ரோட்டில் நிற்க நேரம் எடுக்கும், வேகமாகத் தேயும், நாள் முழுக்க ஓட்டினால் அதன் ரீங்காரம் தூங்கும்போதும் காதில் இருக்கும். சேறு மட்டுமே உள்ள பயணம் என்றால் வாங்குங்கள். லடாக்குக்கு வேண்டாம்.

நடுவில் இருப்பது ஆல் டெரெய்ன், ஏடி. நம் கணக்குக்கு இதுதான் பொருத்தம். ஆனால் ஏடி என்று எழுதியிருக்கும் எல்லாமே ஒன்றில்லை. சில எச்டியின் தம்பி மாதிரி, சில எம்டியின் தம்பி மாதிரி. கடையில் டயரைக் கீழே இறக்கச் சொல்லி, குந்தி உட்கார்ந்து மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, ஒவ்வொரு பட்டன் மீதும் பிளேடால் கீறியது போல மெல்லிய கோடுகள் நிறைய இருக்கின்றனவா? ஈர ரோட்டில் பிடிப்புக் கொடுப்பவை அவைதான். இரண்டு, பள்ளங்களின் அடியில் சின்னச் சின்ன மேடுகள் இருக்கின்றனவா? ஜல்லி சிக்கி உள்ளே துளைக்காமல் அவை தள்ளிவிடும். மூன்று, பட்டன்கள் தோள்பட்டையைத் தாண்டி சைடுவாலுக்கும் கொஞ்சம் இறங்கி வருகின்றனவா? என் டயரைக் கிழித்த மாதிரிக் கல்லை எதிர்கொள்ள அந்தத் தடித்த ரப்பர்தான் கவசம்.

அப்பல்லோ, சியட், யோகோஹாமா என்று ஏடி போடும் கம்பெனிகள் நம் ஊரில் பல உண்டு. பெயரைவிட, உங்கள் அளவில் ஐந்து டயர் ஒரே மாடலில் கிடைக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள். ஏன் ஐந்து என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

படி 3: டயர் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்

புதிய மஹிந்திரா தார் வண்டி ஒன்றில் 18 அங்குல வீல் இருந்தால் 255/65 ஆர்18 என்று இருக்கும். 255 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது சைடுவாலின் உயரம்: அகலத்தில் 65 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட 166 மி.மீ. ஆர் என்றால் ரேடியல். 18 ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

இரண்டாவது எண்ணை மட்டும் மனதில் வையுங்கள். அது பெரிதாக இருந்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் காற்று மெத்தை அதிகம். மாருதி ஜிம்னியின் 195/80 ஆர்15 கரடுமுரடான பாதையில் சுகமாக உருள்வதற்கு அந்த 80 ஒரு காரணம். உங்கள் வண்டிக்கு 17, 18 என்று இரண்டு ரிம் அளவில் கம்பெனியே கொடுத்தால், இந்த மாதிரிப் பயணத்துக்குச் சின்ன ரிம்மே மேல்.

அதற்குப் பக்கத்தில் 111டி (111T) போல ஒன்று இருக்கும். 111 பாரக் குறியீடு. ஒரு டயர் 1,090 கிலோ தாங்கும் என்று பொருள். 105 என்றால் 925 கிலோ. டி என்பது வேகம், மணிக்கு 190 கி.மீ. வரை. எஸ் என்றால் 180, கியூ என்றால் 160. வண்டியோடு வந்த டயரில் இருக்கும் பார எண்ணுக்குக் கீழே இறங்கவே கூடாது. நான்கு பேர், மேல் கேரியரில் மூட்டை, போதாததற்குக் கேலாங் பக்கத்தில் இருக்கும் தாண்டி என்ற ஊரைக் கடந்தால் பெட்ரோல் பங்க்குக்கு வெகு தூரம் என்று டீசல் கேன் வேறு. 20 லிட்டர் கேன் ஒன்றே 17 கிலோ.

அளவுக்கு முன்னால் எல்டி (LT) என்று போட்டிருந்தால் அது லைட் டிரக் வகை. சைடுவாலில் கூடுதல் அடுக்கு இருக்கும், வெட்டுக்குத் தாங்கும். ஆனால் கனம் அதிகம், குதிக்கும், அதே சுமைக்குக் காற்றும் கூடுதலாக அடிக்க வேண்டும். வண்டியில் ஒட்டியிருக்கும் அளவையே எல்டி டயருக்கும் அடித்தால் குறைவாகத்தான் இருக்கும். வண்டி நிறையச் சுமை ஏற்றாதவர்களுக்கு இது தேவையில்லை என்பது என் கருத்து.

படி 4: பெரிய அளவுக்கு ஆசைப்பட வேண்டாம்

"ஒரு சைஸ் ஏத்திப் போடுங்க சார், சும்மா நிக்கும்" என்று எல்லாக் கடையிலும் சொல்வார்கள். கணக்குப் பார்ப்போம். 255/65 ஆர்18 டயரின் மொத்த விட்டம் சுமார் 789 மி.மீ. அதையே 255/70 ஆக்கினால் 814. மூன்று சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது நீங்கள் 103-ல் போவீர்கள், இன்ஜினுக்கு இழுவை குறையும், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் உள்ளே உரசவும் கூடும். 5,000 மீட்டருக்கு மேல் காற்றே மெலிந்து இன்ஜின் ஏற்கெனவே திணறும் இடத்தில் இழுவையை நாமே குறைப்பானேன்? அதோடு, வழியில் ஒரு டயர் போனால் கம்பெனி அளவு கிடைப்பதே கஷ்டம். வேறு அளவென்றால் கேட்கவே வேண்டாம்.

படி 5: ஐந்தும் ஒன்றாக, ஐந்தும் புதிதாக

ஃபோர் வீல் போட்டதும் முன், பின் அச்சுகள் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டப்படுகின்றன. ஒரு டயர் மொட்டையாகவும் மற்றது புதிதாகவும் இருந்தால் சுற்றளவு மாறும். அந்த வித்தியாசம் முழுவதும் கியர்களுக்குள் முறுக்காக ஏறும். அதனால்தான் ஸ்டெப்னி உட்பட ஐந்தும் ஒரே மாடல், ஒரே அளவு.

தயாரித்த தேதியைப் பார்ப்பது சுலபம். சைடுவாலில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள்: 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஒரு பக்கத்தில் இந்த நான்கு எண் இல்லையென்றால் மறுபக்கம் பாருங்கள். ஆறு மாதத்துக்குள் வந்ததாகக் கேளுங்கள். ஐந்திலும் தனித்தனியாகப் பாருங்கள். என் பழைய ஸ்டெப்னியில் இதை ஒரு முறை படித்திருந்தால் அன்று கேலாங் வரை உருட்டியிருக்க மாட்டேன்.

கிளம்பும் நாளுக்கு முந்தைய நாள் மாட்டாதீர்கள். பேலன்சிங், அலைன்மென்ட் முடித்து ஊரிலேயே 500 கி.மீ. ஓட்டுங்கள். முதல் 100 கி.மீ.யில் வீல் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள், அலாய் வீல் என்றால் கட்டாயம்.

படி 6: காற்று

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அளவுதான் தார் ரோட்டுக்கு. காலையில், வண்டி எடுக்கும் முன் அளக்க வேண்டும். சூடான டயரில் அளந்து "அதிகம்" என்று காற்றை இறக்கிவிடாதீர்கள்.

மலை ஏறும்போது ஒரு அழகான விஷயம் நடக்கும். நாக்பூரில் 40 டிகிரி வெயிலில் 35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) இருந்த டயர், தங்லங் கணவாயின் 5,300 மீட்டர் உயரத்தில் 0 டிகிரி குளிரில் எவ்வளவு காட்டும்? குளிரில் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி 6 பிஎஸ்ஐ போல இறங்கும். ஆனால் அந்த உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் 7 பிஎஸ்ஐ குறைவு. டயர் அந்த அளவுக்கு உப்பிக் காட்டும். கூட்டிக் கழித்தால் மீண்டும் 35-ஐ ஒட்டியே நிற்கும். மேலே போனால் டயர் வெடித்துவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

காற்றை இறக்க வேண்டியது கல் பாதையில். வழக்கமான அளவில் கால் பங்கு குறையுங்கள். 35 இருந்தால் 26. டயர் கல்லை வளைந்து விழுங்கும், சைடுவாலைக் கல் குத்துவது குறையும். ஆனால் வேகம் மணிக்கு 40-ஐத் தாண்டக் கூடாது, தாண்டினால் டயர் சூடாகிக் கெடும். ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் பனி உருகித் தண்ணீர் ஏறிவிடும், அடியில் என்ன கல் கிடக்கிறது என்றே தெரியாது. மணலுக்கு 18 வரை இறக்கலாம் என்பார்கள், ஆனால் நுப்ராவின் ஹுண்டர் மணல்மேடுகளில் வண்டி ஏற்றத் தடை இருக்கிறது. அந்த மணலைக் காலால் நடந்து பாருங்கள்.

இறக்கிய காற்றை மறுபடி அடிக்க 12 வோல்ட் பம்ப் ஒன்றும், காற்றை அளக்க ஒரு நல்ல கேஜும் வண்டியிலேயே இருக்கட்டும். லேயில் 15 டிகிரியில் 35 அடித்துக்கொண்டு இறங்கினால், பஞ்சாபின் 35 டிகிரி வெயிலில் அது 33 காட்டும். சமவெளிக்கு வந்த முதல் காலையில், வேகம் எடுக்கும் முன், ஐந்து டயரிலும் ஒருமுறை கேஜை வைத்துப் பார்த்துக் குறைந்ததை அடித்துக்கொள்ளுங்கள்.