பூட்டிக் கிடந்த பழைய பைக்கின் கியர் பாக்ஸுக்குச் சரியான பேரிங் வாங்குவது எப்படி?

செட்டிநாட்டு வீடுகளில் பழைய பைக்குகள் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதே அதிகம். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த வீட்டு வண்டியைத் திறந்தால், கியர் பற்கள் பெரும்பாலும் தேறும், பேரிங் தேறாது. கியர் பெட்டியில் ஆயில் அடியில்தான் நிற்கும். அதற்கு மேலே உள்ள ரேஸிலும் (குண்டு ஓடும் வளையம்) குண்டிலும் ஒட்டியிருந்த ஆயில் மெல்ல வடிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் உள்ளே வியர்த்து, குண்டு ரேஸைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் துருப்புள்ளி விழும். கண்ணுக்குச் சின்னப் புள்ளிதான். ஓடும்போது அதன் விளிம்பு உதிர்ந்து, இரும்புப் பொடி ஆயிலில் கலந்து மற்ற பேரிங்கையும் தின்றுவிடும். அதனால் ஒன்று போயிருந்தாலும், பெட்டியைப் பிரித்த கையோடு எல்லா பேரிங்கையும் ஆயில் சீலையும் சேர்த்து மாற்றுங்கள்.

பிரிக்கும் முன் ஒரு சோதனை. எஞ்சினை ஓடவிட்டு, நியூட்ரலில் கிளட்சைப் பிடியுங்கள். இரைச்சல் நின்றால் கோளாறு கியர் பாக்ஸில். நிற்காவிட்டால் எஞ்சினையோ, எஞ்சினிலிருந்து கிளட்சுக்கு இழுக்கும் பிரைமரி பக்கத்தையோ பாருங்கள். பழைய புல்லட் போல டாப் கியரில் இழுவை நேராக மெயின் ஷாஃப்டிலேயே போகும் பெட்டிகளில், மற்ற கியர்களில் இரைந்து டாப்பில் மட்டும் அடங்கினால் லே ஷாஃப்ட் (மற்ற கியர்களில் இழுவை சுற்றிப் போகும் துணை ஷாஃப்ட்) பக்கம் சந்தேகப்படலாம். சில பெட்டிகளில் லே ஷாஃப்ட் பேரிங்கில் ஓடாது, வெண்கல புஷ்ஷில் ஓடும்; அதற்குப் பேரிங் தேடி அலைய வேண்டாம்.

பழைய பேரிங்கைத் தூக்கிப் போடாதீர்கள்

புதியதை வாங்க அதுதான் ஆதாரம். மண்ணெண்ணெயில் கழுவி, பக்கவாட்டில் பொறித்திருப்பதை முழுதாக எழுதிக்கொள்ளுங்கள். எண்ணோடு பின்னால் வரும் எழுத்துகளும் வேண்டும். பழைய இங்கிலாந்து பேரிங்கில் சின்னச் சுழிகள் இருந்தால் அவற்றையும் எண்ணுங்கள்: இரண்டு சுழி என்றால் குண்டுக்கும் ரேஸுக்கும் சாதாரண இடைவெளி, மூன்று சுழி என்றால் இன்றைய சி3, அதாவது கூடுதல் இடைவெளி. அடுத்து வெர்னியரில் உள் விட்டம், வெளி விட்டம், அகலம் மூன்றையும் அளந்து எண்ணோடு ஒப்பிடுங்கள். முன்பே யாராவது தவறானதைப் போட்டு ஓட்டியிருக்கலாம் என்பதால் எண்ணை மட்டும் நம்பக் கூடாது.

மெட்ரிக் எண்ணைப் படிப்பது எளிது. கடைசி இரண்டு இலக்கம் 04 அல்லது அதற்கு மேல் என்றால் 5-ஆல் பெருக்கினால் உள் விட்டம் வரும். 03 என்றால் 17, 02 என்றால் 15 மி.மீ. 6203 என்பது 17 × 40 × 12 (உள் விட்டம், வெளி விட்டம், அகலம்). 6204 என்பது 20 × 47 × 14. 6205 என்பது 25 × 52 × 15. 6206 என்பது 30 × 62 × 16. 63 வரிசை தடித்தது: 6304 என்றால் 20 × 52 × 15.

குண்டுகளையும் எண்ணுங்கள். சில பழைய பேரிங்கில் ரேஸின் ஓரத்தில் குண்டை நுழைக்க ஒரு வெட்டு இருக்கும். அதில் வழக்கத்தைவிடக் கூடுதல் குண்டுகள். அதே அளவில் சாதாரண பேரிங் போட்டால் பாரம் தாங்கும் திறன் குறையும். குண்டு இருந்த இடத்தில் குண்டு, உருளை இருந்த இடத்தில் உருளை என்பதை மாற்றாதீர்கள்.

இஞ்ச் பேரிங்தான் பெரிய பொறி

சென்னையில் 1955 முதல் புல்லட்டும், மைசூரில் 1961 முதல் ஜாவாவும் வந்தன. அவற்றுக்கு முன்பே இங்கு வந்துசேர்ந்த இங்கிலாந்து வண்டிகளின் பெட்டியில் இஞ்ச் அளவு பேரிங் இருக்க வாய்ப்பு அதிகம். எல்ஜே 3/4 என்ற 3/4 இஞ்ச் பேரிங்கின் அளவு 19.05 × 47.63 × 14.29 மி.மீ. ஸ்கேலில் பார்த்தால் 6204 மாதிரியே தெரியும். ஆனால் 6204-இன் உள் விட்டம் 0.95 மி.மீ. பெரியது, வெளி விட்டம் 0.63 மி.மீ. சிறியது. லேத் பட்டறையில் இரண்டு பக்கமும் ஸ்லீவ் போட்டுத் தருகிறேன் என்பார்கள், சம்மதிக்காதீர்கள். வெளி ஸ்லீவின் சுவர் 0.3 மி.மீ. கனம்தான் வரும். அது பிளந்தால் துண்டுகள் நேராகப் பற்களுக்கிடையே போகும். அகலத்திலும் 0.29 மி.மீ. குறைவதால் ஷாஃப்டின் முன்பின் ஆட்டம் மாறும்.

எல்ஜே 5/8 இன்னும் ஆபத்து. அது 15.88 × 39.69 × 11.11. வெளி விட்டம் 6203-க்கு மிக நெருக்கம், வெறும் 0.31 மி.மீ. வித்தியாசம். சுத்தியலால் அடித்தால் 6203 உள்ளே போய்விடும் போலத் தோன்றும். பேரிங் உட்காரும் அலுமினிய ஹவுசிங் வெடித்துவிடும்.

இஞ்ச் பேரிங் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. எஸ்கேஎஃப் எண்ணில் 3/4 இஞ்சுக்கு ஆர்எல்எஸ் 6, 5/8 இஞ்சுக்கு ஆர்எல்எஸ் 5. கம்பெனிக்குக் கம்பெனி எண் முறை மாறும். ஆர்டர் கொடுக்கும்போது மூன்று அளவையும் சேர்த்துச் சொல்லுங்கள். மதுரையிலோ திருச்சியிலோ இல்லாவிட்டால் சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். விலை கூடுதல்தான், கொடுக்கலாம். காரைக்குடிப் பழம்பொருள் கடையில் அட்டைப் பெட்டி பிரிக்காத பழைய சரக்கு கிடைத்தால், கழுவி, உள் ரேஸைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். அட்டைப் பெட்டி புதிதாக இருந்தாலும் உள்ளே கிரீஸ் இறுகித் துரு ஏறியிருக்கலாம்.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து

நம் ஊர்ப் பேரிங் கடைகளில் அதிகம் நகர்வது தண்ணீர் மோட்டாருக்கும் கிரைண்டருக்கும் போகும் சரக்கு. 6204 என்று மட்டும் கேட்டால் இரு பக்கமும் மூடிய 2ஆர்எஸ் அல்லது இசட்இசட் கைக்கு வரும். கியர் பாக்ஸுக்கு வேண்டியது திறந்த பேரிங். மூடி இருந்தால் பெட்டி ஆயில் குண்டுக்குச் சரியாகப் போகாது; உள்ளே வைத்த கிரீஸும் நாளடைவில் கரைந்துவிடும். வேறு வழியே இல்லையென்றால் 2ஆர்எஸ் ரப்பர் மூடியை மெல்லிய ஊசியால் நெம்பி எடுத்து, கிரீஸைக் கழுவிவிட்டுப் போடலாம். இசட்இசட் தகட்டைப் பிடுங்காதீர்கள். வளைந்து சிலும்பு உள்ளே விழும். அசல் பேரிங்கிலேயே ஒரு பக்கம் மட்டும் மூடி இருந்தால் அது ஆயிலைத் தடுக்க வைத்தது; அப்படியே வாங்குங்கள். வெளி ரேஸில் கிளிப் காடி இருந்தால் என் அல்லது என்ஆர் என்ற எழுத்து வேண்டும். காடி இல்லாததைப் போட்டால் பேரிங் நகர்ந்துவிடும்.

இடைவெளியில் பலர் குழம்புகிறார்கள். 25, 30 மி.மீ. உள் விட்டத்துக்குச் சாதாரண இடைவெளி 5 முதல் 20 மைக்ரான். சி3-க்கு 13 முதல் 28. பேரிங்கை இறுக்கிப் பொருத்தும்போது இதில் ஒரு பகுதி காணாமல் போகும். பழையதில் என்ன இருந்ததோ அதையே போடுங்கள். தெரியவில்லை, ஷாஃப்ட், ஹவுசிங் இரண்டிலும் இறுக்கமாக உட்காருகிறது என்றால் சி3 எடுங்கள். கொஞ்சம் தளர்ந்த பேரிங் லேசாக இரையும். இடைவெளியே இல்லாத பேரிங் சூடேறிச் சாகும்.

குண்டுகளைப் பிரித்துப் பிடிக்கும் கூண்டு இரும்புத் தகடாக இருப்பது நல்லது. டிஎன்9 என்று முடிந்தால் நைலான் கூண்டு. சூட்டிலும் சில கியர் ஆயில்களிலும் அது முதிர்ந்து உடையும். போலிச் சரக்கும் உண்டு என்பதால் அங்கீகரித்த டீலரிடம் பில்லோடு வாங்குங்கள்.

ஹவுசிங்கைச் சோதித்துப் பொருத்துங்கள்

பழைய பேரிங்கின் வெளி ரேஸ் கண்ணாடி மாதிரி தேய்ந்திருந்தால் அது ஹவுசிங்கிலேயே சுற்றியிருக்கிறது. புதிய பேரிங் சூடாக்காமலே கையால் உள்ளே போனால் ஓட்டை பெரிதாகிவிட்டது என்று பொருள். சென்டர் பஞ்சால் சுற்றிப் புள்ளி குத்தும் வழக்கம் பட்டறைகளில் இருக்கிறது. அந்த மேடுகள் சீக்கிரம் நசுங்கிவிடும். 0.1 மி.மீ.க்குள் தளர்வு என்றால் லாக்டைட் 641 பசை பிடிக்கும். அதற்கு மேல் போனால் ஓட்டையைப் பெரிதாகக் கடைந்து, கனமான ஸ்லீவ் இறக்கி, மற்ற ஷாஃப்டுகளின் மையம் மாறாமல் அளவுக்குக் கடைய வேண்டும்.

கியர் பாக்ஸ் கேஸில் (வெளிக்கூடு) பெட்ரோல் வாடைகூட இல்லாமல் உலர்த்தி, சீலைக் கழற்றிவிட்டு, மின் அடுப்பில் இரும்புத் தட்டின் மேல் வைத்து 100 முதல் 110 டிகிரிவரை சூடாக்குங்கள். தண்ணீர் சொட்டு சீறி ஆவியாக வேண்டும். நேரடித் தீ கேஸைக் கோணலாக்கும். 62 மி.மீ. ஓட்டை இந்தச் சூட்டில் ஏறக்குறைய 0.11 மி.மீ. விரியும், பேரிங் தன் எடையிலேயே இறங்கும். தட்ட வேண்டி வந்தால் ஹவுசிங்கில் இறக்கும்போது வெளி ரேஸையும், ஷாஃப்டில் ஏற்றும்போது உள் ரேஸையும் மட்டும் குழாயால் தள்ளுங்கள். அடி குண்டு வழியாகப் போனால் ரேஸில் குழி விழுந்து, புதிய பேரிங் முதல் நாளே இரையும்.

ஆறியதும் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். எங்காவது பிடித்தால் பேரிங் சாய்ந்திருக்கும், அல்லது ஷிம் (ஆட்டத்தைச் சரிசெய்யும் மெல்லிய வளையம்) தப்பாக இருக்கும். மூடாமல் திரும்பக் கழற்றுங்கள். 300 கிலோமீட்டர் ஓடியதும் முதல் ஆயிலை வடித்து, அதில் காந்தம் விட்டுப் பாருங்கள். மெல்லிய சாம்பல் பசை வருவது வழக்கம். ஊசி மாதிரியோ செதில் மாதிரியோ இரும்பு ஒட்டினால் பெட்டியை மறுபடி திறக்க வேண்டும்.