எரர் வரவில்லை என்றால் ஓடிவிட்டது என்று அர்த்தமில்லை

போன வாரம் எங்கள் டீமுக்குப் புதிதாக வந்த பையன், "சர்வர்ல ஸ்கிரிப்ட் ஓடிடுச்சுண்ணா, எரரே வரல" என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பத்து வருடத்துக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன். எழுத்துப்பிழை, விட்டுப்போன அடைப்புக்குறி பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அவை ஓட்டியதுமே பல்லைக் காட்டிவிடும்.

பைப்பை நம்புவது

இரவு பேக்கப்புக்கு ஒரு ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய ஃபைல்) எழுதியிருந்தேன். டேட்டாபேஸை நகலெடுக்கும் மைஎஸ்க்யூஎல்டம்ப் தருவதை பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குத் தரும் குழாய்) வழியாக ஜிஜிப் சுருக்கும், நேரம் வைத்து வேலைகளை ஓட்டும் க்ரான் இதைத் தினமும் ஓட்டும். ஒருநாள் யாரோ டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்கள். டம்ப் வாசலிலேயே நின்றுவிட்டது. ஜிஜிப்போ ஒன்றுமில்லாததைச் சமர்த்தாகச் சுருக்கி வைத்தது. பைப்பில் கடைசிக் கட்டளை என்ன சொல்கிறதோ அதைத்தான் ஷெல் (கட்டளைகளை ஓட்டும் நிரல்) கேட்கும். அது 0 என்றது. கட்டளை முடியும்போது தரும் இந்த எண்தான் எக்ஸிட் கோட்; 0 என்றால் வெற்றி. "பேக்கப் வெற்றி" என்று தினமும் மெயில் வந்தது, மூன்று வாரம்.

அப்புறம் ஒரு டேபிள் அழிந்தது. போய்ப் பார்த்தால் ஒவ்வொரு ஃபைலும் 20 பைட். வெறுமையைச் சுருக்கினால் ஜிஜிப் தருவது அவ்வளவுதான். காகித பில்களைப் பார்த்து இரண்டு நாள் தட்டச்சு செய்தோம். இன்றுவரை எரிச்சலூட்டுவது வேறு: டம்ப் முதல் நாளே எரர் சொல்லியிருக்கிறது. மெயில் தொல்லை என்று அதை டெவ்நல்லுக்கு (போட்டதெல்லாம் மறைந்துபோகும் குப்பைத்தொட்டி) திருப்பிவிட்டவன் நானேதான்.

பாஷ் என்ற ஷெல்லுக்கான ஸ்கிரிப்ட் என்றால் தொடக்கத்திலேயே பைப்ஃபெயிலை (set -o pipefail என்ற வரி) போடுங்கள். பைப்பில் எந்தக் கட்டளை விழுந்தாலும் தோல்வி என்று வரும். ஃபைல் அளவையும் சோதியுங்கள். எரரை லாக் ஃபைலுக்கு அனுப்பும்போது 2>&1 (எரரையும் வெளியீடு போகும் இடத்துக்கே அனுப்பு) என்பது லாக் பெயருக்குப் பின்னால் வரட்டும். முன்னால் போட்டால் எரர் லாகுக்குப் போகாது.

கையால் ஓட்டினால் ஓடுகிறதே

ஆனால் க்ரானில் ஓடாது. க்ரான் உங்கள் பாஷ்ஆர்சியை (உங்கள் ஷெல் அமைப்புகள் உள்ள ஃபைல்) படிக்காது, அதன் பாத் (கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) மிகச் சிறியது. எக்ஸிட் கோட் 127 வந்தால் கட்டளையே கிடைக்கவில்லை என்று அர்த்தம். கட்டளையின் முழுப் பாதையை எழுதுங்கள்.

எஸ்எஸ்ஹெச் 255

வேறு மெஷினுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் இந்த எக்ஸிட் கோடைத் தந்தால் பெரும்பாலும் இணைப்புக் கோளாறு. ஸ்கிரிப்டைக் குடையாதீர்கள்.

எரரை போட்டோ எடுத்து அனுப்புவது

வேண்டாம்.

"ஓடல" என்று மட்டும் சொல்வது

எந்த மெஷின், எந்த யூசர், எக்ஸிட் கோட் என்ன, முழு எரர் வரிகள், நேரம் எல்லாம் வேண்டும். சர்வர் கடிகாரம் யூடிசியில் (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரம்) இருந்தால் அதையும் சொல்லுங்கள். நீங்கள் இரவு 2 மணி என்கிறீர்கள், லாகில் அது முந்தைய நாள் 20:30.